பேட் மாற்றினால் மட்டும் சத்தம் போகாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் பிரேக் பிடிக்கும்போது உரசல் சத்தம் வருவதாகத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ‘பேட் தேய்ந்திருக்கும், உடனே மாற்றிவிடுங்கள்’ என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்பு வட்டை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் கட்டைதான் பேட். ஆனால் பேட் ஏன் தேய்ந்தது, எல்லாப் பேடும் ஒரே அளவில் தேய்ந்ததா, சத்தம் பேடிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்காமல் புது செட்டை மாட்டினால், காசு போன சில மாதங்களில் அதே சத்தம் அதே சக்கரத்தில் மறுபடி கேட்கும். பட்டறைக்குத் திரும்பி வரும் பிரேக் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

எந்தச் சத்தம் என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. காலையில் வண்டியை எடுத்ததும் முதல் நாலைந்து மிதியில் ‘சர்சர்’ என்று உரசி, பிறகு அடங்கிவிட்டால் அது பழுதே அல்ல. டிஸ்க் வார்ப்பிரும்பு. இரவு மழையோ பனியோ பட்டால் விடிவதற்குள் மேலே மெல்லிய துரு படியும். பேட் அதைச் சுரண்டி எடுக்கும் ஓசை அது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் நிறுத்துபவர்களுக்கும் இது அன்றாடம். ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடிய பிறகும் நிற்கவில்லை என்றால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

பிரேக்கைத் தொடாமலே, சக்கரம் சுற்றச் சுற்றச் சத்தம் வருகிறதா? ஓடிக்கொண்டிருக்கும்போது பெடலை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ பேட் அல்லது டிஸ்க் சம்பந்தப்பட்டது. எந்த மாற்றமும் இல்லை, தகரத்தைத் தேய்ப்பது போலவே தொடர்கிறது என்றால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரத் தடுப்பைச் சந்தேகியுங்கள். அது மெல்லிய தகடு. ஜல்லி கொட்டிய சாலையில் போனால் அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சின்னக் கல் மாட்டிக்கொண்டு காது கிழியக் கத்தும். ஆளில்லாத இடத்தில் வண்டியைச் சற்று முன்னும் பின்னும் ஓட்டினால் பல நேரம் கல் தானாக விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி ஸ்குரூ டிரைவரால் தள்ளி எடுக்கலாம். சஸ்பென்ஷன் வேலை பார்த்த மறுநாள் இந்தச் சத்தம் தொடங்கினால், வேலையின்போது தகடு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கையாலேயே சில மி.மீ. வெளியே வளைத்தால் போதும். இதற்குப் போய் பேடும் டிஸ்க்கும் மாற்றிய வண்டிகள் உண்டு.

‘கீச்’ என்று மெல்லிய, கூர்மையான ஓசை வேறு கதை. நல்ல பேடில் ஒரு சிறிய எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். புதிதாக இருக்கும்போது, பேடில் தேயும் பகுதியான லைனிங் 10 மி.மீ. அளவில் இருக்கும், அது தேய்ந்து 2 அல்லது 3 மி.மீ. ஆனதும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டு ஒலிக்கும். எச்சரிப்பதற்காகவே வைத்தது அது. வண்டியைப் பொறுத்து மிதிக்கும்போது வரலாம், மிதிக்காதபோது வந்து மிதித்தால் நிற்கலாம். இந்தக் கட்டத்தில் மாற்றினால் செலவு பேடோடு முடியும். விலை குறைந்த பேட்களில் பலவற்றில் இந்த நாக்கே இருக்காது; அவை எச்சரிக்காமலே தேய்ந்து தீர்ந்துவிடும்.

மிதிக்கும்போது ‘கரகர’ என்று அடித்தொண்டையில் வரும் ஓசை, கூடவே பாதத்தில் அதிர்வு: லைனிங் முடிந்து, அது ஒட்டியிருந்த இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கிறது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வரக்கூடாது. இழுத்து வருவதுதான் சரி. ஆனால் வழுக்கும் சாலையில் அழுத்தி மிதித்தபோது மட்டும் ‘டர்ர்ர்’ என்று பெடல் உதறினால் பயப்பட வேண்டாம், அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்வது. காலை எடுக்காமல் அழுத்தியே பிடிக்க வேண்டும்.

இன்னும் சில உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னே போய்விட்டுப் பின்னே எடுக்கும்போது ஒரே ஒரு ‘டக்’ என்றால் பேட் தன் இடத்தில் ஆடுகிறது, அதைப் பிடித்து வைக்கும் கிளிப் இல்லை அல்லது தளர்ந்துவிட்டது. வளைவில் திருப்பும்போது மட்டும் உரசினால் வீல் பேரிங்கையும், டயரில் படும் உள் பிளாஸ்டிக் மறைப்பையும் பாருங்கள். வேகம் கூடக் கூட ‘ஊம்ம்’ என்று முழங்கினால் அது பேரிங் அல்லது டயர். பிரேக்கில் தேட வேண்டாம்.

சரி, பேட்தான் என்று தெரிந்துவிட்டது. வீல் ஸ்போக் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ‘பேட் பாதிக்கு மேல் இருக்கிறது சார்’ என்று சொல்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் தெரிவது வெளிப் பேட் மட்டும். உள் பேட், பேட்களைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் மறைவில் இருக்கிறது. வெளிப் பேடில் 6 மி.மீ. மிச்சம் இருக்க, உள் பேடில் லைனிங்கே இல்லாமல் வெறும் தகடு டிஸ்க்கில் உட்கார்ந்திருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

இது ஏன் என்பதை வண்டிக்காரர்கள் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். நம் சிறிய, நடுத்தரக் கார்களில் இருப்பது நகரும் காலிப்பர். பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும்தான். மிதிக்கும்போது பிஸ்டன் உள் பேடைத் தள்ளுகிறது. அதே விசையில் காலிப்பர் முழுவதும் உள்பக்கமாக நகர்ந்து வெளிப் பேடை டிஸ்க்கோடு இழுத்து அழுத்துகிறது. காலிப்பர் நகர்வது கைடு பின் எனும் இரண்டு வழவழப்பான கம்பிகளின் மேல். அந்தப் பின்களை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் புகுந்து அவை துருப்பிடித்தாலோ, கிரீஸ் காய்ந்தாலோ காலிப்பர் நகராது. அப்போது உழைப்பெல்லாம் உள் பேடின் தலையில். பெடலை விட்ட பிறகும் அது டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருந்தால் பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெலிந்தும் சரிவாகத் தேயும். ஆக, கழற்றிய பேடைக் குப்பைத் தொட்டியில் போடுமுன் நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

கைடு பின்னைச் சரிசெய்வது பெரிய வேலை அல்ல. முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கர வேலை என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, பிறகு ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக்கூடாது. காலிப்பர் போல்ட்டைக் கழற்றியதும் அதை, பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது.

இரண்டு பின்னையும் உருவித் துடைத்துப் பாருங்கள். மேல் துரு மட்டும் என்றால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். குழி விழுந்திருந்தால் புதுப் பின்தான். ரப்பர் பூட்டோடு சேர்ந்த கிட் சில நூறு ரூபாய். சில வண்டிகளில் ஒரு பின்னின் முனையில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். எது மேலே எது கீழே என்று குறித்துக்கொள்ளாமல் மாற்றிப் போட்டால் அதுவே அடுத்த சத்தத்துக்கு வித்து. துளைக்குள்ளும் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். சேஸிஸுக்குப் போடும் சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போய்ப் பின்னை இறுக்கிப் பிடிக்கும். நல்ல கிரீஸாகவே இருந்தாலும் துளை நிறைய அடைத்தால் உள்ளே காற்று சிக்கிப் பின் உட்காராமல் திரும்பத் தள்ளும். பூட்டிய பிறகு காலிப்பரை விரலால் தள்ளினாலே நகர வேண்டும்.

அடுத்தது பேடின் இரண்டு காதுகளும் உட்காரும் இடம். அங்கே எவர்சில்வர் கிளிப் இருக்கும். அதன் அடியில் துரு பூத்துக் கிளிப்பைத் தூக்கும். தூக்கிய கிளிப் பேடின் காதைக் கவ்விக்கொள்ளும். கைடு பின் சுத்தமாக இருந்தும் பேட் உரசுகிறது என்றால் இதுதான். பழைய கிளிப்பை எடுத்துவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் பேடைத் தாங்கும் பிராக்கெட்டைத் தேய்த்துப் புதுக் கிளிப் போட வேண்டும். பேட் நுழையவில்லை என்று சுத்தியலால் தட்டி ஏற்றுவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் அளவு இறங்கும், இது இயல்பு. நடுவில் யாராவது ‘ஆயில் குறைகிறது’ என்று நிரப்பிவிட்டிருந்தால், பிஸ்டனைத் தள்ளும்போது மேலே வழிந்து பெயிண்டை உரித்துவிடும். வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஆயில் மட்டும் ஊற்றி விளக்கை அணைப்பது, தேய்ந்த பேடை மறைத்து வைப்பதற்குச் சமம். பழைய பேடைப் பிஸ்டன் முகத்தில் வைத்து ‘சி’ கிளாம்பால் மெதுவாகத் திருகினால் நேராக உள்ளே போகும். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள சில கார்களில் ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பரில் இருக்கும். அந்தப் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே உள்ளே அனுப்ப வேண்டும். பலங்கொண்டு தள்ளினால் உள் அமைப்பு உடையும். எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே கூடாது.

கைடு பின், கிளிப் எல்லாம் சரி, இருந்தும் சக்கரம் இறுகிச் சுற்றுகிறதா? பெடலை நன்றாக மிதித்து விட்டுவிட்டு, காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே தளர்ந்தால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது என்று பொருள்: உள்ளே ஊதி அடைத்த ஹோஸ், அல்லது மேலே, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர். தளரவில்லை என்றால் துருப்பிடித்த பிஸ்டன். இந்த ஒரு சோதனை தெரியாமல் காலிப்பரையே மாற்றி, பிறகும் சக்கரம் சூடாகிறது என்று வருபவர்கள் பலர். சோதித்த பிறகு நிப்பிளை இறுக்கி, காற்று எடுத்து, ஆயில் அளவைச் சரிபார்க்க வேண்டும். டாட் 3, டாட் 4 என்று மூடியில் எழுதியிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு துளி கலந்தாலும் சிஸ்டத்தில் உள்ள ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா, லேத்தில் கடையலாமா என்பதைக் கண்ணால் முடிவு செய்யக்கூடாது. அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே, பெரும்பாலும் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ, பொறித்திருக்கும். வெர்னியரால் அளந்தால் தேயாத வெளி விளிம்பில் தாடை முட்டி, இல்லாத தடிமனைக் காட்டும். மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால், ஒரே மாதிரி இரண்டு நாணயங்களைத் தேய்ந்த பகுதியில் இருபுறமும் வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும், அதுவும் அடுத்த பேட் தேயும் வரை. இல்லையென்றால் இடம் வலம் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி. புது டிஸ்க் மாட்டுமுன் அது உட்காரும் ஹப் முகத்தைத் துரு இல்லாமல் தேய்க்க வேண்டும். நடுவே ஒரு துரும்பு துரு இருந்தாலும் டிஸ்க் கோணலாகச் சுற்றி, ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘சர்க்... சர்க்...’ என்று தொடும். டிஸ்க்கின் ஆட்டம் 0.1 மி.மீ. வந்தாலே பெரும்பாலான கார்களுக்கு அதிகம்.

‘புது பேட் போட்ட மறுநாளே சத்தம்’ என்ற புகாருக்குத் தனியாக ஒரு பத்தி தேவை. பழைய டிஸ்க்கின் வெளி விளிம்பில் எழும்பிய துரு வரம்பில் புதுப் பேடின் ஓரம் ஏறி நிற்கலாம். உள் பேட் வெளியிலும் வெளிப் பேட் உள்ளேயும் மாறி, எச்சரிக்கை நாக்கு முதல் நாளே டிஸ்க்கைத் தொடலாம். பேடின் முதுகில் இருந்த ஷிம் என்ற மெல்லிய தகட்டைப் பழைய பேடோடு தூக்கி எறிந்திருக்கலாம். புது டிஸ்க்கின் மேல் துருத் தடுப்புக்காகப் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவாமல் மாட்டியிருக்கலாம். இதற்கெல்லாம் டிஸ்க்கில் துரு நீக்கும் ஸ்பிரேயோ எண்ணெயோ அடித்துச் சத்தத்தை அடக்கி அனுப்பும் சாலையோர வைத்தியம் ஒன்று இருக்கிறது. சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான்.

எல்லாம் பூட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் இரண்டு மூன்று மிதி தரை வரை போகும்; அப்படியே ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் இடித்தவர்கள் உண்டு. பிறகு காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, அழுத்தாமல் சீராக, எட்டுப் பத்து முறை குறைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நூறு மீட்டர் காற்றாட ஓட்டுங்கள். சூட்டோடு முழுதாக நிறுத்தி மிதித்தே வைத்திருந்தால் பேடின் அச்சு டிஸ்க்கில் விழுந்து பெடல் துடிக்கும். முதல் 200, 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் வேண்டாம்.

பல கார்களின் பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் டிரம்மைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். சத்தம் கூடினால் பின்னால்தான். நிறைய டிரம்களில் எட்டு எம்எம் போல்ட் ஏறும் இரண்டு துளைகள் இருக்கும். இரண்டிலும் போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும், சுத்தியல் வேண்டாம். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் லைனிங் ஒரு மி.மீ.க்கு வந்துவிட்டதா, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாகத் தூக்கினால் ஈரம் தெரிகிறதா, ஷூவின் ஓரம் அதற்குப் பின்னால் உள்ள தகட்டில் உரசும் திட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் திட்டுகளில் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு வைத்தாலே முனகல் பெரும்பாலும் நின்றுவிடும். மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். சமதளமென்றால் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

டிரம்முக்குள் இருக்கும் கரும்பொடியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுவது நம் பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. சில லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். எந்த ஷூவில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத் துணியோ பிரேக் கிளீனரோ போதும். ஊதும் பையனின் நுரையீரலுக்கு மாற்றுப் பாகம் எந்தக் கடையிலும் இல்லை.

மலையிறங்கி வந்தபின் சத்தம் என்றால், அதற்குப் பெரும்பாலும் ஓட்டிய விதமே காரணம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் டாப் கியரில், காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் பேடின் மேற்பரப்பு வெந்து கண்ணாடி போல் மினுங்கும். பிறகு பிடிமானம் குறைந்து கீச்சிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். அடிவாரத்தில் நிறுத்தியதும் சக்கரத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், சூடான டிஸ்க் கோணும், சில நேரம் விரிசலும் விடும். மினுங்கல் மேலாக இருந்தால் கரடான உப்புத்தாளில் பேடைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஓரம் பொரிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

கடைசியாக வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேட் மாற்றச் சொல்லும்போதே, பழைய பேட்கள் நான்கையும் இடம், வலம், உள், வெளி என்று சாக்பீஸால் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்றால் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். ஒன்று மட்டும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால், அந்தச் சக்கரத்தின் கைடு பின்னையும் பிஸ்டனையும் பார்த்தார்களா என்று கேட்டுவிட்டு பில்லுக்குப் பணம் கொடுங்கள். தங்கள் வாகனப் பக்கத்திலும் அடுத்த முறை இப்படி ஒரு கேள்வி வந்தால், ‘சத்தம் எப்போது வருகிறது, எந்தச் சக்கரத்தில்’ என்று வாசகரிடம் திருப்பிக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பிரேக் வேலை செய்யும் ஒரு மெக்கானிக்,
அம்பத்தூர், சென்னை.